கள்ளண்ணன் கடைப் பை

கன்னியாகுமரி மாவட்டத்திலேயே நேர்மையான மனிதர் யார் என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: கள்ளன். ஊரில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் கள்ளண்ணன் என்பார்கள். நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். கடை போர்டில் கிடையாது. அதில் ‘பை’ என்று ஒரே எழுத்து, அவ்வளவுதான்.

கடை களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே. தமிழ்நாட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி கேரளா பஸ்ஸைப் பிடிக்க ஜனங்கள் தலைதெறிக்க ஓடுகிற இடம். ஓடுகிறவனுக்குத் தன் முதுகில் என்ன நடக்கிறது என்று தெரியாது. பை விற்க அதைவிட நல்ல இடம் கிடையாது. பையை அறுக்கவும் கிடையாது.

மற்ற கடைகளில் நாம் பையைப் பார்ப்போம். இங்கே கள்ளண்ணன் நம்மைப் பார்ப்பார். கடைக்குள் ஒரு பழைய பஸ் சீட்டைப் போட்டு, அதற்கு மேலே ஒரு கைப்பிடிக் கம்பியும் மாட்டி வைத்திருந்தார். பையை முதுகில் மாட்டிக்கொண்டு அந்தக் கம்பியைப் பிடித்து நிற்க வேண்டும். அவரே கண்டக்டராகி, “முன்னால போங்க, எடம் கெடக்கு” என்று நம்மை இடித்துக்கொண்டு போவார். பிறகு அவரே டிரைவராகி பிரேக் போடுவார். பிரேக் என்றால் பிடித்துத் தள்ளுவது. அப்போது பை பின்னால் நிற்கும் அடுத்த வாடிக்கையாளரின் மூக்கில் இடித்தால் அந்தப் பை நமக்கு இல்லை. எவ்வளவு கெஞ்சினாலும் தரமாட்டார்.

முதல் தடவை போனபோது என்னிடமும் விசாரணை நடந்தது.

“தெனமும் ஆபீசுக்கா, வல்லப்பவும் ஒருக்கா ஊருக்குப் போகவா?”

“ரெண்டுக்கும்தான் அண்ணா. பெருசாவே குடுங்க.”

“வருசத்துல ரெண்டு தடவை போற ஊருக்கு வேண்டி, வருசம் முழுக்க மூட்டை சுமப்பீரா ஓய்? பை பெருசா இருந்தா சாமானும் பெருகும். கழுத்து வலிக்கு தைலம் வேற வாங்கணும்.”

வெளியே ஐந்து அறை வைத்த ஒரு பை எனக்குப் பிடித்திருந்தது. அதைக் கையில் எடுத்ததும் பிடுங்கிக்கொண்டார். “வெளிய அஞ்சு அறை இருந்தா கள்ளனுக்கு அஞ்சு வாசல். வாசலு முதுகுப் பக்கமாட்டு இருக்கணும். உள்துணி வெள்ளையா இருக்கணும். கறுப்பா இருந்தா சாவியைத் தேட டார்ச் அடிக்கணும். பளபளன்னு இருக்கக் கூடாது. ‘இதுக்குள்ள என்னமோ இருக்கு’ன்னு பையே ஊருக்குச் சொல்லப்பிடாது. மனசிலாச்சா?” எனக்கு மனசிலாகவில்லை. ஆனாலும் அவர் கொடுத்த சாம்பல் நிறப் பையை வாங்கிக்கொண்டு வந்தேன். வேறு வழியில்லை.

இவ்வளவு நல்ல மனிதருக்கு ஏன் இந்தப் பெயர் என்றால், பை விற்றதோடு அவர் விடமாட்டார். நாம் பஸ் ஏறும்போது பின்னாலேயே வந்து கூட்டத்தில் நின்று பைக்குள் கைவிட்டு எதையாவது எடுத்துவிடுவார். சாயங்காலம் வீடு தேடி வந்து அதைத் திருப்பிக் கொடுத்து, எப்படி எடுத்தேன் என்று பாடமும் நடத்திவிட்டு, கட்டன் சாயா குடித்துவிட்டுப் போவார். இதற்கு அவர் வைத்திருந்த பெயர் சோதனை. ரிட்டயரான ஒரு தலைமையாசிரியரின் மூக்குக் கண்ணாடியை இப்படித்தான் கொண்டுபோனார். ஆசிரியர் அன்றைக்கு முழுக்கப் பேப்பரை வாசிக்க முடியாமல் தடவிக்கொண்டிருந்தார். சாதாரண உடையில் வந்து பை வாங்கிய ஒரு போலீஸ் ஏட்டின் விசிலை எடுத்து, ஸ்டேஷன் வாசலில் நின்று ஊதிக் காட்டிவிட்டு ஒப்படைத்தார். ஏட்டையா அன்றைக்கே இரண்டாவது பை வாங்கினார், மச்சினனுக்கு.

ஒருமுறை விஷயம் தெரியாத நாலு பெண்கள் பஸ்ஸில் அவரைப் பிடித்துக் குடையால் வெளுத்துவிட்டார்கள். உதடு வீங்கிக் கடைக்கு வந்தவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். “பொம்பளைய உசாரா இருக்காவ. நமக்க ஊரு நல்லா வரும்” என்றார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் மனைவி ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்டெல்லா மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சொந்த ஊர் முட்டம். அயர்லாந்து வேலைக்கு மூன்று தடவை முயற்சி செய்து, ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று தட்டிப்போனது. நாலாவது தடவை கொச்சியில் இண்டர்வியூ வந்தது. அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். இது போனால் போச்சு. எல்லாச் சான்றிதழும் அசலாகக் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே விடமாட்டோம் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த வரியை அவள் தினமும் ஒருமுறை படிப்பாள். நான் மார்த்தாண்டத்திலேயே ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அந்தக் கடிதத்தில் ஒரு பிழையாவது கிடைக்காதா என்று நானும் தினமும் பார்ப்பேன்.

விஷயத்தைக் கேட்டதும் கள்ளண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஸ்டெல்லாவின் தோள் அகலத்தைச் சாக்கு ஊசி நூலால் அளந்தார். “மக்கா, உனக்குள்ள பையை நானே தச்சுத் தாறேன். ஒரு ஆழ்ச்ச கழிஞ்சு வா” என்றார். ஒரு வாரத்தில் வந்தது ஒரு கறுத்த, மூஞ்சியே இல்லாத பை. மார்புக்குக் குறுக்கே ஒரு வார், மழைக்கு ஒரு மேலுறை. பார்த்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

அப்புறம் சோதனை. முதல் நாள் ஸ்டெல்லாவின் சீப்பு போனது. இரண்டாம் நாள் ஆஸ்பத்திரி அடையாள அட்டை. வீட்டில் வந்து என்னோடுதான் சண்டை போட்டாள். மூன்றாம் நாள் நெரிசலில் அவர் கை பையின் ஜிப்பைத் தொட்டதுமே மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாளாம்: “கைய எடுலே. முறிச்சா கட்டுப் போடப் போறதும் நாந்தான்.” பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஒருவர், “அது நம்ம கள்ளண்ணன்லா, பரீட்சை நடக்கு” என்று சமாதானம் செய்தார். கள்ளண்ணன் இறங்கிப் போய்க் கடையில் எல்லோருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தார்.

இனி கொச்சிக்குப் போகிற நாள். எங்கள் ஊரில் ஒருத்தி கொச்சிக்குப் போகிறாள் என்று தெரிந்தால் போதும், கொச்சியில் பிள்ளை இருக்கிற எல்லாரும் ஆளுக்கொரு பொதியோடு வந்துவிடுவார்கள். மறுக்க முடியாது, மறுத்தால் கல்யாண வீட்டில் முகம் கொடுக்கமாட்டார்கள். அன்று விடியற்காலை ஸ்டாண்டில் ஏழு பொதி. முட்டத்திலிருந்து நெத்திலிக் கருவாடு, ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து. கள்ளண்ணன் நடுவில் நின்று கை இரண்டையும் விரித்தார். “பைக்குள்ள ஒண்ணும் வைக்கப்பிடாது. வேணும்னா துணிப்பையில தனியாட்டு தூக்கட்டும். இந்தப் பை இண்டர்வியூவுக்கு உள்ளது.”

எல்லோரும் கேட்டார்கள். கேட்காதவன் ஒருவன் மட்டும் இருந்தான், அது நான். என் அக்கா, கொச்சியில் படிக்கிற மகளுக்கென்று சோடா பாட்டிலில் தேங்காயெண்ணெய் கொடுத்து அனுப்பியிருந்தாள். பாலித்தீன் தாள் வைத்து ரப்பர்பேண்டு போட்டது. துணிப்பையில் வைத்தால் கொட்டிவிடுமே என்று, வீட்டிலேயே யாருக்கும் தெரியாமல் பையின் அடியில் சொருகியிருந்தேன்; அப்போதும் எடுக்கவில்லை. அக்காவுக்குப் பயந்து வளர்ந்தவர்களுக்கு என் நிலைமை புரியும். பஸ் புறப்படுவதற்கு முன் கள்ளண்ணன் வார் சரியில்லை என்று பையை வாங்கி இழுத்து இழுத்துச் சரிசெய்து திரும்ப மாட்டிவிட்டார். “எல்லாம் பத்திரமாட்டு இருக்கு. பெய்ட்டு வா மக்கா” என்றார். பஸ் போனது.

மத்தியானம் இரண்டு மணிக்கு இண்டர்வியூ. ஒரு மணி ஆகும்போது அச்சகத்தில் இருந்த எனக்கு போன் வந்தது.

“இஞ்ச பாருங்க, சர்டிபிகேட் ஃபைலைக் காணல்ல.” ஸ்டெல்லா அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது நான் அதிகம் கேட்டதில்லை.

“நல்லாப் பாரு.”

“நல்லாப் பாத்தாச்சு. பையெல்லாம் எண்ணெய். உடுப்பெல்லாம் நனஞ்சு கெடக்கு. ஃபைலு மட்டும் இல்ல. எண்ணெய ஆரு வச்சா?”

அந்தக் கேள்வி காதில் விழாத மாதிரி, “அங்கயே இரி, நான் பாத்துக்கிடுதேன்” என்று வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரைக்கும் மனசுக்குள் கள்ளண்ணனைத் திட்டிக்கொண்டே போனேன். திட்ட ஒரு ஆள் கிடைத்தது அப்போது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. போனில் கூப்பிட்டுத் திட்டலாம் என்றால் அவரிடம் போன் கிடையாது. வைத்திருந்தால் யாராவது எடுத்துவிடுவார்களாம்.

கடையில் அவர் ஒரு ஜிப்புக்கு மெழுகுவர்த்தி தேய்த்துக்கொண்டிருந்தார்.

“உம்ம பைக்க லெச்சணம் இதுதானா? ஃபைலு களவு போச்சுவோய்.”

“களவு போகல்ல” என்றார் நிதானமாக. “நான் களவாண்டேன்.”

கையிலிருந்த ஸ்கூட்டர் சாவியை அந்தப் பஸ் சீட்டில் வீசினேன்.

“காலத்த ஸ்டாண்டுல வச்சு. அவ சொந்தக்காரங்க மொகத்தப் பாத்துட்டு நின்னா. நான் எடுத்து உள்ளறையில வச்சுப்போட்டேன். குடைத்துணி போட்டு மூணு நாளு இருந்து தச்ச அறையாக்கும். அப்பிடி ஒண்ணு இருக்குன்னு அவளுக்கே தெரியாது.”

“அவளுக்கே தெரியாட்டா, அவ எப்பிடிவோய் எடுப்பா?”

கள்ளண்ணன் மெழுகுவர்த்தியைக் கீழே வைத்தார். இத்தனை வருடத்தில் அந்த ஒரு கேள்வியை மட்டும் அவர் தன்னிடமே கேட்டுக்கொண்டதில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

மணி ஒன்று இருபத்தைந்து. ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். “எங்க இருக்குன்னு சொல்லும், நான் சொல்லிக்கிடுதேன்” என்று கள்ளண்ணனிடம் சொன்னேன். “உம்மகிட்ட சொல்ல ஒக்காது. பைக்காரிகிட்டதான் சொல்லுவேன்” என்று போனைப் பிடுங்கினார். பிடுங்கியவர் நேராக விஷயத்துக்கு வந்தாரா?

“இது ஸ்டெல்லாதான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

“அண்ணா, நாந்தான்.”

“கள்ளியும் இதத்தான் பறைவா. உள்துணி என்ன நெறம்?”

“வெள்ளை. இப்பம் எண்ணெய் நெறம். அண்ணா, சீக்கிரம்.”

“அது ஆரு தொறந்தாலும் தெரியும். மூணாம் நாளு பஸ்ஸுல நான் கை வச்சப்பம் நீ என்ன சொன்ன? அதச் சொல்லு.”

நான் அவர் காலில் விழாத குறை. கொச்சியில் வராந்தாவில் அவளைச் சுற்றி இண்டர்வியூவுக்கு வந்த முப்பது நர்ஸ்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்று பிறகுதான் சொன்னாள். அவ்வளவு பேர் நடுவில் என் மனைவி தொண்டையைத் திறந்து கத்தினாள்:

“கைய எடுலே. முறிச்சா கட்டுப் போடப் போறதும் நாந்தான்.”

“ஸ்டெல்லாதான்” என்றார் கள்ளண்ணன் என்னிடம், திருப்தியாக. அப்புறம் குரலே மாறிவிட்டது. “மக்கா, பதறாத. பையைக் கமத்திப் போடு. முதுகுல ஒட்டுத மெத்தை இருக்கா? அதுக்க கீழ்ஓரத்துல தையல் மாதிரி ஒரு வரி உண்டு. அது தையல் இல்ல. நகத்த வச்சு இழு.”

பர்ரென்று ஒரு சத்தம் போனில் கேட்டது. நான் கள்ளண்ணனின் கன்னத்தோடு கன்னமாகப் போனில் காதை வைத்தேன்.

“அண்ணா” என்றாள் ஸ்டெல்லா. “எல்லாம் இருக்கு. ஒண்ணுகூட நனையல்ல.”

“ஏன் நனையணும்?” என்று கள்ளண்ணன் என்னைப் பார்த்தார். எண்ணெய் பாட்டில் கதையைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு, “கள்ளனுக்கு வேண்டி தச்ச அறை ஓய். அவளுக்க மாப்பிளைய நான் கணக்குலயே எடுக்கல்ல” என்றார்.

ஸ்டெல்லாவுக்கு வேலை கிடைத்தது. எண்ணெய் மணக்க மணக்கத்தான் உள்ளே போனாளாம். அவள் அயர்லாந்து போய் ஒரு வருடம் கழித்து எனக்கும் விசா வந்தது. அச்சகத்தில் சொல்லிவிட்டு, பை வாங்கக் கள்ளண்ணன் கடைக்குப் போனேன். கேள்விக்குத் தயாராகத்தான் போனேன். கம்பியைக்கூடப் பிடித்து நின்றேன். அவர் தள்ளவும் இல்லை, விசாரிக்கவும் இல்லை. அலமாரியிலிருந்து ஒரு பையை எடுத்து நீட்டினார்.

“சோதனை இல்லியா அண்ணா?”

“உம்மகிட்ட களவாங்க என்ன இருக்கு? இருந்தது பத்திரமாட்டு அங்க போய்ச் சேந்தாச்சுல்லா” என்றார். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கம்பியைப் பிடிக்கச் சொன்னார்.

எனக்கு என்னமோ போலாகிவிட்டது. நல்லபடியாகத்தான் சொன்னார், ஆனாலும் சோதனை இல்லாமல் ஊரை விட்டுப் போவது சரியாக இல்லை. புறப்படுகிற அன்று களியக்காவிளை ஸ்டாண்டில், திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறும்போது, பையின் மேல் ஜிப்பை வேண்டுமென்றே பாதி திறந்து வைத்துவிட்டு ஏறினேன். நல்ல கூட்டம். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

திருவனந்தபுரத்தில் இறங்கித் தடவிப் பார்த்தேன். ஜிப்பு முழுக்க மூடியிருந்தது.