நுளம்புக்குப் புகையடித்த மாப்பிள்ளைக் கார்

பயந்தவள் கையில் தெர்மாமீற்றர் கிடைத்தால் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல்தான். என் கையில் காரின் ஒயில் பார்க்கும் கம்பியும் கிடைத்துவிட்டது.

எஞ்சின் ஒயிலை எப்போது மாற்றுவது? கராஜ்காரர் ஐயாயிரம் கிலோமீற்றர் என்றார். காரோடு வந்த புத்தகம் பத்தாயிரம் என்றது. என் கணவர், "தேவையெண்டால் அதுவே சொல்லும்" என்றார். (பிள்ளைக்குப் பல் முளைத்தபோதும் இதைத்தான் சொன்னார்.) தம்பியின் கலியாணத்துக்கு எங்கள் கார்தான் மாப்பிள்ளைக் கார், சாரதி நான். வழியில் நின்றால் முகூர்த்தம் போய்விடுமே! காலம் வருமுன்பே புது ஒயில் மாற்றுவித்தேன். அதோடு நின்றிருக்கலாம்.

மாரியில் எங்கள் கிளிநொச்சி வளவில் வெள்ளம் நிற்கும். அதனால் காரை வாய்க்கால் கட்டின் சரிவில் மூக்கைத் தூக்கி நிறுத்துவோம். சரிவில் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கிக் கம்பியில் குறைவாகத் தெரியும் என்று எனக்கு யார் சொன்னது? காலையில் கம்பியை இழுப்பேன். ஐயோ, குறைஞ்சு போச்சு! கொஞ்சம் ஊற்றுவேன். மறுநாளும் குறைவு. மறுபடி ஊற்றுவேன். (சாப்பிடாத பிள்ளைக்கு ஊட்டிய பழக்கம்.)

கலியாணத்தன்று தம்பி தலைப்பாகையோடு பின்னால் ஏறினான், பக்கத்தில் தோழன். துணுக்காய்க்குப் போகும் வழியில் கண்ணாடியைப் பார்த்தேன். றோட்டைக் காணவில்லை. வெள்ளைப் புகை மட்டும்தான்.

"அக்கா, பின்னுக்கு ஊரையே காணேல்லை!" என்றான் தம்பி.

பதறி நிறுத்தினேன். ஒரு வீட்டுப் படலையடியில் நின்ற யாரோ ஒரு அம்மா புகைக்குள்ளால் கூப்பிட்டார்.

"டெங்குக்கோ அடிக்கிறியள்? எங்கட வளவுக்கும் ஒருக்கா அடிச்சிட்டுப் போங்கோ, நுளம்புக் கடி தாங்கேலாது!"

தம்பி தலைப்பாகையை வெளியே நீட்டினான். "அம்மா, நான் கலியாணம் கட்டப் போறன்!"

"நல்லாயிரு ராசா. போகேக்க அடிச்சிட்டுப் போவன்!"

பிள்ளையோடு முன்னால் வான் வண்டியில் போன கணவருக்குப் போன் எடுத்துப் புகையைச் சொன்னேன்.

"ஒயில் விட்டனீரோ?"

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"நாளுக்குக் கொஞ்சம்."

"காரை எங்க விட்டிட்டுப் பாத்தனீர்?"

"வாய்க்கால் கட்டுச் சரிவிலதான்."

"கடவுளே! கூடிப்போன ஒயில்தான் எரிஞ்சு புகையுது. எஞ்சினை நிப்பாட்டும். மாப்பிள்ளையை எதிலயாவது ஏத்தும்!"

எதிலாவது என்றால், அந்த நேரம் வந்தது வயல் உழும் இரண்டு சில்லு லான்ட்மாஸ்ரர் ஒன்றுதான். அதன் பின்னால் பூட்டிய, வைக்கோல் ஒட்டிய பெட்டிக்குள் தம்பியும் தோழனும் நின்றார்கள். நான் கூறைச் சேலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் அழுதேன். அது மாடு நடக்கும் வேகத்தில் டுக்கு டுக்கென்று மண்டப வளவுக்குள் நுழைந்தபோது ஐயர் வாசலில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார். முகூர்த்தம் தப்பவில்லை! பொம்பிளை வீட்டார் எல்லாம் திட்டமிட்ட ஏற்பாடு என்று நினைத்துக் கைதட்டினார்கள். படம் பிடித்தவர், "அண்ணை, திரும்ப ஒருக்கா வெளிய போய் வாங்கோ" என்றார். தம்பி உண்மையாகவே போய் வந்தான்.

தாலி ஏறுமுன்னே தோழன் புகைக் கதையை மண்டபம் முழுக்கப் பரப்பிவிட்டான். இப்போதும் மாரி தொடங்கினால் தம்பியின் மாமியார் போன் எடுப்பா.

"பிள்ளை, இஞ்ச நுளம்பு கூடிப்போச்சு. ஒருக்கா காரிலை வந்திட்டுப் போங்கோவன்."

பகிடிதான் என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கென்னவோ, அவா பாதி உண்மையாகத்தான் கேட்கிறாவோ என்று இருக்கிறது.