ரோமா ரோட்டில் சங்கு

மணியை அடித்து அடித்து ரவிகுமாருக்குக் கை வலித்தது. கிருஷ்ணப்பா நாற்காலியை விட்டு அசையவில்லை.

"அண்ணா, உங்க அரான்சினி ரெடி. நீங்களேதான் வந்து எடுத்துக்கணும்."

"சோத்து உருண்டைய நானே எடுத்துகினு வர்றதா? அதுக்கு எங்க ஊட்டுலயே உருட்டித் துன்னுட்டுப் போறேன். அப்புறம் நீ இன்னாத்துக்கு நிக்கிறே?"

பெங்களூரில் கிளை கிளையாகப் பரவி வந்த 'ரோமா ரோடு' இத்தாலியத் தெருவோர உணவகத்தின் ராபர்ட்சன்பேட்டைக் கிளைக்கு ரவிகுமார் மேனேஜர். மணி அடித்தால் வாடிக்கையாளரே எழுந்து வந்து தட்டை வாங்க வேண்டும் என்பது தலைமையகத்தின் வேதவாக்கு. பிப்ரவரியில் தங்கச் சுரங்கத்தை மூடி எல்லாருக்கும் வேலை போனதிலிருந்து ஊருக்கே நேரம் தாராளமாகக் கிடைத்திருந்தது. எழுந்திருக்கத்தான் யாருக்கும் காரணம் இல்லை.

மத்தியானம் தலைமையகத்திலிருந்து மம்தா மேடம் பார்வையிட வருகிறார். கடை நடக்கிற லட்சணம் பிடிக்காவிட்டால் பூட்டுத்தான். அப்புறம் ரவிகுமாருக்கு மறுபடியும் இருட்டோடு எழுந்து பெங்களூர் ரயில் படியில் தொங்கும் பாக்கியம்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தான். "பாபு" என்றதும் அரை டஜன் பாபுக்கள் வந்து ஒரே தட்டைப் பிடித்தார்கள். சரியென்று தானே பரிமாறினான். "தண்ணி கொண்டா, சட்னி கொண்டா" என்று கடையே அவனை வேலை வாங்கியது.

சமையல்காரர் ஏனோக் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மணியெல்லாம் பத்தாது சார். பாலகாட் மைன் பக்கத்துப் பழைய இரும்புக் கடையில ஒரு சங்கு வாங்கியாந்து வச்சிருக்கேன். கரண்டு குடுத்து ஊதுனா, சத்தத்துக்காவது எழுந்துப்பாங்க."

"இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

சங்கு ஊதியது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கியது. கிருஷ்ணப்பா துள்ளி எழுந்தார். ரவிகுமார் பெருமையோடு தட்டை நீட்டினான். அவர் அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். பின்னாலேயே பாபுக்களும் ஓடினார்கள். கடையில் ஈக்கள் மட்டும் மிச்சம்.

அந்த நல்ல நேரம் பார்த்துத்தான் மம்தாவின் கார் வந்து நின்றது.

"இப்பதான் எல்லாரும் சாப்ட்டுப் போனாங்க மேடம்," என்றான் ரவிகுமார். மேஜை மேஜையாக யாரும் தொடாத சோற்று உருண்டைகள் இருந்தன.

மம்தா பெருமூச்சு விட்டு, "ரவி, இந்த பிராஞ்ச் பத்தி..." என்று ஆரம்பித்தபோது தெருவில் திமுதிமுவென்று பூட்ஸ் சத்தம். இருவரும் வாசலுக்கு வந்தார்கள். தெரு கொள்ளாத கூட்டம் கடையை நோக்கி ஓடி வந்தது. தலையில் ஹெல்மெட், கையில் டிபன் கேரியர். ஒருவருக்கு மனைவி கூடவே ஓடி வந்து சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

"சக்கத், சூப்பர் ரவி! பார்சலுக்குக் கேரியரோடயே வர்றாங்க. இந்த பிராஞ்சையா மூடுவோம்? சான்ஸே இல்ல."

ரவிகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. ரயில் தொலைந்தது. வரிசையின் முன்னால் மூச்சு வாங்க நின்ற கிருஷ்ணப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாங்கண்ணா. இன்னா வேணும், சொல்லுங்க."

கிருஷ்ணப்பா ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டினார்.

"துன்றதெல்லாம் அப்புறம் தம்பி. மைனத் தொறந்து சங்கு ஊதிட்டாங்கல்ல, செகண்ட் ஷிப்டுக்கு ஆள் எடுக்கிறது நீதானா?"