என் கால் கட்டைவிரலில் தொங்கிய சிவப்பு அட்டை

கும்மிடிப்பூண்டியில் என் ரத்தக் கொதிப்பை அதிகம் ஏற்றிய மனிதனுக்குச் சிலை வைப்பதென்றால், முதல் கல்லை நான்தான் போடுவேன், சிலையின் மேல். பெயர் ஃபியூஸ். பெற்றவர்கள் வைத்த பெயர், பர்சனல் ஆபீசராக இருந்த எனக்கே மெமோ எழுதும்போதுதான் நினைவுக்கு வரும்.

எங்கள் ரோலிங் மில்லில் அவன் எலெக்ட்ரீஷியன். மெஷினுக்குள் ஆள் இறங்கினால் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, 'தொடாதே' என்ற சிவப்பு அட்டையை மாட்ட வேண்டும். பூட்டியவனே திறக்க வேண்டும். அந்த விதியை எழுதியவன் நான். கடைப்பிடித்தவன் அவன். அதுதான் தகராறு. ஒரு நாள் மேனேஜரே வந்து சுவிட்சைப் போடச் சொல்லிக் கத்தினார். "உள்ள ஆள் கீறான் சார்" என்று சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு சுவிட்சுக்கு முன்னால் சம்மணம் போட்டுவிட்டான். மெமோ கொடுத்தேன். அதுபோல் மூன்று.

ஓய்வு பெற்ற பின், மீஞ்சூரில் ரயில் நிற்கும் முன்பே இறங்கி முழங்கால் லிகமென்ட்டை அறுத்துக்கொண்டேன். திருவள்ளூரில் ஆபரேஷன். வலி தெரியாமலிருக்கத் தொடை நரம்பருகே ஊசி போட்டுக் காலை மரத்துப்போகச் செய்தார்கள். நெர்வ் பிளாக்காம்.

"மருந்து வேகம் இறங்குற வரைக்கும் தனியா எழுந்திரிக்காதீங்க. விழுந்தா புது லிகமென்ட் போயிடும்" என்றார் நர்ஸ். அதையே அச்சடித்திருந்த தாளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்தும் போட்டேன்.

மதியம் ஃபியூஸ் வந்தான். ஆரஞ்சுப் பழம் இல்லை, டூல் பை. என் காலைச் சுண்டினான்.

"தெரிதா சார்?"

"இல்ல."

"லைன் ஆஃப்" என்று சிவப்பு அட்டையைக் கட்டைவிரலில் மாட்டினான். பிணவறையில்தான் அப்படிக் கட்டுவார்கள். அடுத்து, என் வாக்கரைச் சங்கிலியால் கட்டிலோடு பூட்டினான்.

"யோவ், சாவிய குடு!"

"காலு வரட்டும், தரேன். பேஜாரு பண்ணாம படு சார்."

வேலையில் இருந்தவரை 'நீங்க'. படுத்ததும் 'நீ'! மெமோ எழுதத் தாள் கேட்டேன். சிரித்துக்கொண்டே தண்ணீர் பிடிக்கப் போனான்.

வலிதான் இல்லையே, வாக்கர் எதற்கு? எழுந்தேன். ஓரடி. கால் யாருடையதோ போல மடிந்தது. பாட்டில் ஒரு பக்கம் பறக்க, வாசலிலிருந்து பாய்ந்து வந்து என்னை அக்குளில் அள்ளினான். முழங்கால் தரையைத் தொடவில்லை.

"அறிவு கீதா சார் உனுக்கு? நீ எய்தன ரூலு தானே இது!"

வார்டே திரும்பிப் பார்த்தது. நான் திருப்பிச் சொன்னதைப் பத்திரிகையில் போட முடியாது.

மாலையில் நர்ஸ் மாத்திரை நீட்டினார். "வலியே இல்ல, எதுக்கு?" என்றேன்.

"ஊசி வேகம் இறங்கினா வலி மொத்தமா வரும். அதுக்கு முன்னாடியே போடணும்."

"வாயத் தொற" என்றான் ஃபியூஸ். விழுங்கினேன்.

மறுநாள் காலை கட்டைவிரல் அசைந்தது. வலியும் வந்தது, பல்லைக் கடித்தால் தாங்குமளவுக்கு. நர்ஸ் காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்துத் தலையசைத்த பிறகே ஃபியூஸ் பூட்டைத் திறந்தான். லீவு லெட்டர்கூடக் கொடுக்காமல் வந்திருக்கிறான், ஒழுங்கு கெட்டவன். மில்லுக்கு ஓடும் அவசரத்தில் அட்டையை மறந்துவிட்டான்.

அதன் கடைசி வரி 'உள்ளே இருப்பவர்', மெஷினுக்குள் இறங்கியவன் பெயரை எழுதும் இடம். நான் அச்சிடச் சொன்னதுதான். பக்கத்தில் பென்சிலால் 'நம்ம சார்' என்று எழுதியிருந்தது.

இதுவரை திருப்பித் தரவில்லை. கேட்டால், தொலைந்துவிட்டது என்று சொல்வதாக உத்தேசம்.