பதினான்கு மீன்களும் என் பல்செட்டும்

மதிப்பிற்குரிய மேப்பிள் ஆந்தை அவர்களுக்கு,

இங்கு நான் நலம். அங்கு தாங்களும் கூட்டில் நலமாயிருக்க வேண்டுகிறேன். ஒளித்து வைத்த டப்பாவைத் தேடி, உள்ளே இருக்கும் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் உங்கள் ஜியோகேஷிங் விளையாட்டில் மேற்பார்வையாளர்கள்கூட நிஜப் பெயர் சொல்லும் வழக்கம் இல்லையாம். எழுபத்திரண்டு வயதில் ஓர் ஆந்தைக்கு விண்ணப்பம் எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை.

என் பெயர் ரெய்னோ லஹ்தி. முப்பத்தொரு வருடம் பனி அள்ளும் வண்டி ஓட்டியவன். எங்கள் ஆற்றுப் பாலத்தருகே டப்பா ஒளித்து வைத்த மார்லிஸ் என் மனைவி. மார்ச் மாதம் இறந்துவிட்டாள். நாலு பேர் தேடியும் டப்பா கிடைக்கவில்லை, முப்பது நாளில் சொந்தக்காரர் சரிசெய்யாவிட்டால் மூடிவிடுவேன் என்று அவளுடைய இணையப் பக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பதை என் மகள் காட்டினாள். ஆறு வருடமாக முன்பின் தெரியாதவர்கள் அங்கே அவளுக்கு நன்றி எழுதியிருக்கிறார்கள். மூடினால் இனி யாரும் அவளைத் தேடி வரமாட்டார்கள். என்னால் அதைத் தாங்க முடியாது. ஆகவே சொந்தக்காரர் உரிமையை என் பெயருக்கு மாற்றித் தர வேண்டுகிறேன்.

டப்பாவை நானே தேடினேன். மார்லிஸ் கொடுத்த குறிப்பு: 'மீன் பார்க்கும் இடத்தில்.' எங்கள் பாலத்தின் கைப்பிடியில் ஒரு பக்கம் காட்டு நெற்கதிர், மறுபக்கம் பழைய மரம்வெட்டிகளின் கொக்கிகள், நடுநடுவே இரும்பில் வார்த்த ஸ்டர்ஜன் மீன்கள் பதினான்கு. செய்தவருக்கு என்ன கோபமோ, பதினான்கும் பதினான்கு பக்கம் பார்க்கின்றன. பத்தாவது மீன் பார்த்த இடத்தில் நான் சேற்றில் குப்புறக் கிடந்தபோது ஓர் அம்மாள் நாயோடு வந்து, "ஐயா, என்ன தொலைச்சீங்க?" என்றாள். வெளியாளிடம் டப்பா பற்றி மூச்சு விடக்கூடாது என்பது உங்கள் சட்டமாயிற்றே, அதனால் "பல்செட்டு" என்று சொல்லித் தொலைத்தேன், அவள் உடனே தேவாலயத்துக்குப் போன் போட்டாள், கால்மணி நேரத்தில் பதினேழு பேர் ரப்பர் பூட்ஸோடு ஆற்றில் இறங்கிவிட்டார்கள். என் பல்லெல்லாம் சொந்தப் பல். இப்போது கடையில் இறைச்சி அடைத்த பாஸ்டி வாங்கினால் "நல்லா மசிச்சுத் தரட்டுமா, ரெய்னோ?" என்று கேட்கிறார்கள், நானும் தலையாட்டிவிட்டுக் கஞ்சிபோல் விழுங்கித் தொலைக்கிறேன்.

அந்தக் கூட்டத்தில் வெர்னாவும் இருந்தாள். மார்லிஸின் தோழி. அவளும் உரிமை கேட்டு உங்களுக்கு எழுதியிருக்கிறாளாம், தயவுசெய்து கொடுக்காதீர்கள். என்னைத் தனியே ஓரமாக இழுத்து என்ன சொன்னாள் தெரியுமா?

"ஆறு வருஷமா அவ டப்பா பார்க்கப் போறப்பல்லாம் வண்டிய விட்டு இறங்காம காப்பி குடிச்சிட்டு இருந்தியே, இப்ப என்னய்யா புதுசா பாசம்?"

"எம்பொண்டாட்டி டப்பா. ஒனக்கென்ன?"

"மொதல்ல கண்டுபிடிச்சவ நானு. ஆனா ரெண்டாவது வரியிலதான் கையெழுத்துப் போட்டேன். ஏன்னு ஒருநாளாச்சும் கேட்டியா?"

தற்பெருமையைப் பாருங்கள். நான் கேட்கவில்லை. இடுப்புவரை சேற்றோடு வீட்டுக்கு வந்தேன். சனிக்கிழமை சௌனா அறையை மூட்டி வியர்க்க வியர்க்க உட்காருவது எங்கள் வழக்கம். மார்லிஸ் போனபின் அந்தக் கதவை நான் திறக்கவில்லை. சமையலறைத் தொட்டியில்தான் கால் கழுவினேன்.

டப்பாவை ஆறு கொண்டுபோய்விட்டது என்றே முடிவுக்கு வந்திருக்கிறேன். உரிமை கிடைத்ததும் புதிது வைப்பேன். உங்கள் வீட்டாருக்கும், இருந்தால் குஞ்சுகளுக்கும் என் அன்பு.

பணிவுடன்,
ரெய்னோ லஹ்தி

பி.கு.: உறை ஒட்டுவதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது, வேறு வழியில்லாமல் சௌனாவைத் திறந்தேன். மேல் பலகையில் டப்பா. நனைந்த கையெழுத்துப் புத்தகத்தைக் காயவைக்க மார்லிஸ்தான் கொண்டுவந்து பிரித்து வைத்திருக்கிறாள். இரண்டாவது வரியில் வெர்னா, அதன்கீழ் நானூறு பேர். முதல் வரி காலி. ஓரத்தில் பென்சிலால், 'இது ரெய்னோவுக்கு. வண்டியை விட்டு இறங்கும்போது.'

சொந்தக்காரர் தன் டப்பாவில் கையெழுத்துப் போடக்கூடாது என்பதும் உங்கள் சட்டம்தானே? ஆகவே மேலே கேட்டதையெல்லாம் ரத்து செய்யவும். உரிமையை வெர்னாவுக்கே கொடுங்கள். டப்பாவை அவளிடம் தருகிறேன், பழைய இடத்திலேயே வைக்கட்டும். எந்த மீன் என்று மட்டும் எனக்குச் சொல்ல வேண்டாம். பேனா வாங்கிவிட்டேன்.