கொக்கு வழியில் மூன்றரை மணி நேரம்

அடுத்தவர் பயணங்களில் குற்றம் கண்டுபிடித்தே முப்பத்து நான்கு வருடம் சம்பளம் வாங்கியவன் நான். கல்பாக்கம் பக்கம் ஒரு அலுவலகத்தில் பயணப்படி விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என் வேலை. "குறுகிய வழியில் செல்லாதது ஏன்?" என்று சிவப்பு மையில் எழுதி எத்தனையோ விஞ்ஞானிகளை விளக்கம் எழுத வைத்திருக்கிறேன். (அவர்கள் விட்ட சாபம்தான் கீழே வருவது.)

பேத்திக்குச் செங்கல்பட்டில் காது குத்த நாள் குறித்தாயிற்று. பதினோரு மாதக் குழந்தையோடு மகள் இருந்தது ஜெய்சல்மேரில். மாப்பிள்ளைக்கு விடுப்பு இல்லை. மகன் ரவி, அருணாசலப் பிரதேசத்து தேஜுவில் பாலம் கட்டிக்கொண்டிருந்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்த முடியுமா? அவன் ஜெய்சல்மேர் போய் இருவரையும் அழைத்துவர வேண்டும் என்று தீர்மானித்தேன்.

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரமும் நேரமும் சொல்லும் இணையப் பக்கம் ஒன்று அகப்பட்டது. தேஜு–ஜெய்சல்மேர்: சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். குறுகிய வழி! எனக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. 'காலை ஒன்பதுக்குப் புறப்பாடு, பன்னிரண்டரைக்குத் தங்கை வீட்டில் சாப்பாடு' என்று மூன்று பிரதிகளில் திட்டம் போட்டேன்.

"டிக்கெட்டு?" என்றாள் மனைவி சரோஜா.

"மலையில அவனுக்கு சிக்னல் இல்ல. ஏர்போர்ட்டு கவுன்டர்ல வாங்கிப்பான்."

அப்பா போட்ட திட்டத்தைக் கேள்வி கேட்காத பிள்ளை. (என் வளர்ப்பு.) விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பு தேஜு விமான நிலையத்திலிருந்து போன் செய்தான்.

"அப்பா, ஜெய்சல்மேருக்கு ஒரு டிக்கெட்னு கேட்டேன். கவுன்டர்ல இருந்தவர் பக்கத்து ரூம் ஆளுங்களையெல்லாம் கூப்பிட்டு, இன்னொரு தடவை கேக்கச் சொன்னாரு."

"ஏன்?"

"அப்படி ஒரு ப்ளைட்டே கெடையாதாம்."

"மூன்றரை மணி நேரம்னு போட்டிருக்கேடா!"

"பறந்தா அவ்வளவுதாம்ப்பா. யாரு பறக்கறது?"

மகள் அலட்டிக்கொள்ளவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தில்லி வழியாகத் தனியாகவே வந்து இறங்கினாள். விமான நிலையத்திலிருந்து அவர்களை அழைத்துவந்த எங்கள் வாடிக்கை டாக்சி டிரைவர் தாஸ், என் கையிலிருந்த திட்டத்தை வாங்கிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? வேடந்தாங்கலுக்கு வர்ற கொக்குக்குப் போட்ட ரூட்டா கீது!"

நேரே சென்னைக்கு வந்துவிடு என்று நான் சொல்லியிருந்த ரவி, விசேஷத்தன்று காலையில் தில்லிப் பனிமூட்டத்தில் உட்கார்ந்திருந்தான். ஆசாரி ஊசியோடு தயார். "தாய்மாமன் எங்கம்மா? நல்ல நேரம் முடியப் போவுது."

சரோஜா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு விளக்கம் எழுத எந்த விதியிலும் இடமில்லை.

"தாஸ் அண்ணா, நீங்க உட்காருங்க" என்றாள் மகள்.

"நானாம்மா? வண்டி ரோட்ல குறுக்கால நிக்குது!"

உட்கார வைத்துவிட்டார்கள். ஊசி இறங்கியதும் குழந்தை ஒரு சத்தம் போட்டது. தாஸ் இரண்டு போட்டார். "போதும் ஆசாரி, புள்ள அழுவுது!"

"இன்னொரு காது இருக்குதுப்பா" என்றார் ஆசாரி.

ரவி மறுநாள் வந்து மிச்சமிருந்த லட்டைச் சாப்பிட்டான்.

இப்போது பேத்திக்கு ஆறு வயது. மாமா என்றால் அவளுக்கு தாஸ்தான். ரவி வெறும் 'தேஜு அங்கிள்'. லீவுக்கு அவள் வரும்போதெல்லாம் தாஸ் வண்டியில்தான் ஊர் சுற்றல். நான் ஏறி உட்கார்ந்ததும் அவர் திரும்பாமலே கேட்பார்:

"அச்சரப்பாக்கம் கோயிலுக்குத்தானே சார்? ரோட்டு வழியா, கொக்கு வழியா?"

பதில் பின்சீட்டிலிருந்து வரும்.

"நமக்கு ரோடு மாமா. தாத்தாவுக்கு மட்டும் கொக்கு!"