நெவில் டிரான்டரின் புது அலாரம்

ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டு நெவில் டிரான்டர் திருட்டு அலாரத்தை ஸ்குரூ டிரைவரால் குத்திக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அது ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு குத்து குத்தியதும் முனகல் நின்றது. கூடவே சமையலறை விளக்கும் அணைந்தது.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி லினெட் நிமிர்ந்து பார்த்தார்.

"செத்துப்போச்சா?"

"வயசாயிடுச்சு அதுக்கு."

"குத்திக் கொன்னுட்டு வயசு மேல பழியப் போடறியா? சரி, இறங்கு. கேரவன்ல சாமானெல்லாம் ஏத்தியாச்சு. திங்கக்கிழமை கெளம்பறோம்."

"அலாரம் இல்லாமலா?"

படுக்கையும் அடுப்பும் வைத்த அந்தக் கேரவன் நெவில் ஓய்வு பெற்றபோது வாங்கியது. ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரான மில்டுராவில் ஓய்வு பெற்ற பாதிப் பேர் அப்படி ஒன்றை வாங்கி, காருக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நாட்டைச் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். டிரான்டர் வீட்டுக் கேரவன் மட்டும் கார் கழுவும் இடத்தைத் தாண்டிப் போனதில்லை. ஒரு வருஷம் நெவிலுக்கு முழங்கால் வலி. அடுத்த வருஷம் புல்தரைக்கு யார் தண்ணீர் விடுவார்கள் என்ற கவலை. காரணத்துக்கு அவரிடம் என்றைக்கும் பஞ்சமில்லை.

லினெட் முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். தினமும் அதே சாலை, அதே திருப்பம், பின்சீட்டில் அதே சண்டை. மேற்கே பாலைநிலம் முழுக்கக் காட்டுப்பூ பூக்கும் பருவத்தில், எவரும் ஏறி இறங்காத நீளமான சாலையில் ஒருமுறை போக வேண்டும் என்பது மட்டும்தான் அவர் ஆசை. அந்தப் பூக்கள் சில வாரம்தான் இருக்கும்.

"எலக்ட்ரீஷியனக் கூப்பிடு, நெவ். ஒரு மத்தியான வேலை."

"நானே மாட்டிக்குவேன். கையில தெம்பு இருக்கிறவன் எவனாவது ஆள் வெச்சு மாட்டுவானா?"

எங்கள் ஊர் ஆண்களின் வியாதி இது. வீட்டு வேலைக்கு ஆள் வைத்தவன் கிளப்பில் தலைநிமிர்ந்து பேச முடியாது. அதனால்தான் ஊரில் பாதிக் குழாய்கள் ஒழுகுகின்றன, மீதிப் பாதி திறப்பதே இல்லை.

அந்த வீட்டில் திருட என்ன இருந்தது என்று கேட்கக் கூடாது. சற்றே மங்கிய டிவி ஒன்று, ஷெட்டில் பியர் வைக்கும் குளிர்பெட்டி ஒன்று, ஏதோ மீன்பிடிப் போட்டியில் நான்காவதாக வந்ததற்குக் கொடுத்த கேடயம் ஒன்று. இவற்றுக்குத்தான் காவல்.

திங்கட்கிழமை வந்தது. நெவில் மேஜை முன் உட்கார்ந்து எந்த அலாரம் சிறந்தது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். கம்பி வைத்ததா, கம்பி இல்லாததா? கதவுக்கு ஒரு சென்சார் போதுமா, ஜன்னலுக்கும் வேண்டுமா? ஆயிரம் மைலுக்கு அப்பால் யாரோ தாடிக்காரர் எடுத்த வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பேரன் பேத்தியின் பிறந்தநாளை மறந்துபோகிறவர், சைரன்களின் சத்த அளவைத் தூக்கத்திலும் ஒப்பிப்பார். அடுத்த திங்களும் போனது. மேற்கே பூக்கள் பூக்கத் தொடங்கிவிட்டன என்று வானொலியில் சொன்னார்கள். லினெட் வானொலியை அணைத்தார்.

ஒருவழியாக ஒரு சனிக்கிழமை ஹார்டுவேர் கடை வாசலில் ரொட்டிக்குள் வைத்த சாசேஜைத் தின்றுகொண்டே ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்தார். 'யார் வேண்டுமானாலும் அரை மணியில் பொருத்தலாம்' என்று பெட்டியில் போட்டிருந்தது. அந்த 'யார் வேண்டுமானாலும்' என்பதில் நெவிலைச் சேர்க்கக் கூடாது என்று அச்சடித்தவர்களுக்குத் தெரியவில்லை.

நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்சாரைக் கூடத்து மூலையில் உயரத்தில் மாட்டினார். மறுநாள் காலை லினெட் டோஸ்ட்டைக் கடிக்கும்போது சைரன் அலறியது. தேநீர் மடியில் கொட்டியது. பக்கத்து வீட்டு ரோக்கோ மண்வெட்டியோடு வேலி தாண்டி ஓடிவந்தார். திராட்சைத் தோட்டத்தை மகனிடம் விட்டுவிட்டு, எங்கே கலகம் நடக்கும் என்று காத்துக்கொண்டிருப்பவர் அவர்.

"திருடன் எங்க?"

மூவரும் மேலே பார்த்தார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலந்தி சென்சாரின் கண்மேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"நல்ல அலாரம்," என்றார் ரோக்கோ. "சிலந்தி இனிமே டிவியத் தூக்கிட்டுப் போகாது."

நெவிலுக்குச் சுருக்கென்றது. சென்சாரின் கூர்மையைக் குறைத்தார். மறுபடியும் குறைத்தார். இப்போது சிலந்திக்கு அடிக்கவில்லை. நெவில் கூடத்தில் கையை வீசி நடந்தார். அதற்கும் அடிக்கவில்லை. துள்ளிக் குதித்தார். லினெட் மட்டும்தான் கவனித்தார்.

'ஒருவேளை திருடன் மாதிரி வந்தால்தான் அடிக்குமோ' என்று நெவிலுக்கு ஒரு யோசனை. கறுப்புச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு, துணி துவைக்கும் அறை ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தார். வயிறுவரைதான் நுழைய முடிந்தது. வயிற்றை முன்னாலும் தள்ள முடியவில்லை, பின்னாலும் இழுக்க முடியவில்லை. லினெட் கடைக்குப் போயிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு கறுப்புக் கால்கள் காற்றில் உதைப்பதைப் பார்த்த ரோக்கோ, நல்ல குடிமகனாகப் போலீசுக்குப் போன் செய்தார்.

கான்ஸ்டபிள் ஹெய்லி வந்து ஜன்னலருகே நின்றார்.

"உள்ள போறீங்களா, வெளிய வர்றீங்களா?"

"இது என் வீடு. அலாரத்தச் சோதிச்சுப் பாக்கறேன்."

"அடிச்சுதா?"

"இல்ல."

"அடிக்காட்டி என்ன, திருடன் வந்தா மாட்டிக்குவான்னு காட்டிட்டீங்களே. ரோக்கோ, அந்தப் பக்கக் காலப் பிடிங்க."

அன்று மாலைக்குள் கதை கிளப்புக்குப் போய்விட்டது. வேறொரு மனிதனாக இருந்தால் அத்தோடு ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருப்பான். நெவில் பழியைப் பெட்டியின்மேல் போட்டார். சரக்கு மட்டம், தேர்வில்தான் தவறு, இன்னும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மறுபடி மேஜை, மறுபடி தாடிக்காரர்.

இரண்டாவதாக வாங்கியதில் கேமரா இருந்தது. வாசலிலோ வீட்டின் பக்கவாட்டிலோ எது அசைந்தாலும் நெவிலின் போனுக்குச் செய்தி வரும். வந்தது. வந்துகொண்டே இருந்தது. பூனை போனால் செய்தி, கிளிக்கூட்டம் இறங்கினால் செய்தி, தபால்காரர் வந்தால் செய்தியோடு சைரனும். தபால்காரர் அதற்குப் பிறகு கடிதங்களை ரோக்கோ வீட்டில் போட ஆரம்பித்தார். அதைவிட மோசம் கேரவன். அதன்மேல் போட்டிருந்த உறை காற்றில் படபடக்கும்போதெல்லாம் 'சந்தேகத்துக்குரிய நடமாட்டம்' என்று போன் துடித்தது.

இதற்கிடையில் எதிர்மரத்தில் இருந்த மேக்பை என்ற பாட்டுப் பறவை சைரனைப் பாடம் பண்ணிக்கொண்டது. அலாரத்தை அணைத்து வைத்தாலும் அது விடியலில் கழுத்தை உயர்த்தி ஏற்ற இறக்கத்தோடு அலறும். தெருவே எழுந்து உட்காரும்.

"அதுக்கு ஒரு பட்டன் இருக்கா?" என்று ரோக்கோ வேலிக்கு மேலாகக் கேட்டார்.

"பழகிடும்."

"பறவைக்குப் பழகிடுச்சு. எங்களுக்குத்தான் பழகல."

லினெட் கேரவனிலிருந்து அரிசியையும் மாவையும் எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தார், புழு விழாமல் இருக்க. வைத்துவிட்டுக் கணவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நெவ், இந்த மாசத்தோட பூவெல்லாம் முடிஞ்சிடும்."

"பூ அடுத்த வருஷமும் பூக்கும்."

"நான்?"

போன் துடித்தது. நெவில் அதை எடுத்துப் பார்த்தார். உறைதான் படபடத்திருந்தது. அவர் தலைநிமிர்ந்தபோது லினெட் கையில் ஒரு பையோடு நின்றிருந்தார்.

"கிளெனிஸ் வீட்டுக்குப் போறேன். அக்கா வீட்டுலயாவது கொஞ்சம் தூங்கலாம். பெரிய கார் நான் எடுத்துக்கறேன், உனக்கு அந்தப் பழைய கார் போதும். வேலை முடிஞ்சதும் கூப்பிடு."

"எந்தக் கதவு வழியா போற?"

"என்ன?"

"முன்கதவுன்னா கொஞ்சம் பொறு. அத இன்னும் சோதிச்சுப் பாக்கல."

லினெட் பொறுத்தார். அந்தப் பெண்மணிக்கு எவ்வளவு பொறுமை என்று நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. நெவில் போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு தலையசைத்தார். லினெட் கதவைத் திறந்து வெளியே போனார். போன் துடித்தது. 'ஆள் வெளியேறுகிறார்.'

"வேலை செய்யுது," என்றார் நெவில் மகிழ்ச்சியாக.

குறுக்கும் நெடுக்கும் நடக்க வீட்டில் ஆள் இல்லாததால் சோதனைகள் மளமளவென்று நடந்தன. காலையில் டோஸ்ட், மதியம் கடையில் வாங்கிய இறைச்சி பப்ஸ், இரவு மிச்சமிருந்த பப்ஸ். நெவில் தாடியைக்கூட வளரவிட்டார். கடைசியில் அந்தப் பெரிய தீர்வு கிடைத்தது. கேமரா காட்டும் படத்தின்மேல் விரலால் கட்டம் போட்டு, 'இதற்குள் எது நடந்தாலும் என்னிடம் சொல்லாதே' என்று அலாரத்துக்கு உத்தரவிடலாம். நெவில் கேரவனைச் சுற்றி அழகாக ஒரு கட்டம் போட்டார்.

போன் அடங்கிப்போனது. அன்றும் செய்தி இல்லை, அடுத்து வந்த நாட்களிலும் இல்லை. நெவில் பின்கட்டில் பியரைத் திறந்துவைத்துக்கொண்டு அந்த மௌனத்தைச் சப்புக்கொட்டி ரசித்தார். லினெட்டைக் கூப்பிடலாம் என்று தோன்றியது. ஆனால் முதலில் ரோக்கோவிடம் சொல்ல வேண்டும், அப்புறம் கிளப்பில், அப்புறம் வேண்டுமானால் அந்தத் தாடிக்காரருக்கும் எழுதலாம்.

ரோக்கோ தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, ரோக்கோ? ஒரு சத்தம் உண்டா? இதத்தான் நான் மொதல்லேர்ந்து சொல்லிட்டிருந்தேன். தேடித் தேர்ந்தெடுக்கணும். ஆள் கூப்பிட்டிருந்தா இந்த மாதிரி வருமா?"

"வராதுதான்," என்றார் ரோக்கோ, குழாயைப் பார்த்துக்கொண்டே.

"வா, எப்படி வெச்சிருக்கேன்னு காட்டறேன்."

வீட்டுப் பக்கவாட்டுக்கு அழைத்துப் போனார். கேமராவைக் காட்டினார், அது பார்க்கும் திசையைக் காட்டினார், கட்டம் போட்ட இடத்தைக் கையால் சுட்டினார். கை அப்படியே நின்றது. அங்கே நீளமான வெற்றுத் தரையும், அதன் ஓரத்தில் ஒழுங்காக மடித்து, மேலே செங்கல் வைத்த உறையும்தான் இருந்தன.

நெவில் போனில் பார்த்தார். போனிலும் இல்லை. தினமும் அந்தப் படத்தைப் பார்த்தவர்தான், கட்டத்தின் கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று.

"தூக்கிட்டானுங்க," என்றார். "ரோக்கோ, கேரவனத் தூக்கிட்டானுங்க. நீ ஒண்ணும் பாக்கலையா?"

ரோக்கோ காதைச் சொறிந்துகொண்டார்.

"போலீஸ்ல போய்ச் சொல்லு, நெவ். நீ நேர்லயே போ."

நெவில் பழைய காரை முடுக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் பறந்தார். மேஜைக்குப் பின்னால் கான்ஸ்டபிள் ஹெய்லி இருந்தார்.

"திருட்டுப் புகார்," என்றார் நெவில் மூச்சு வாங்க. "வீட்டு வாசல்லேர்ந்தே அடிச்சிட்டுப் போயிட்டானுங்க."

ஹெய்லி பேனாவைக் கீழே வைத்தார்.

"எதக் காணோம்?"

"கேரவன."

"வேற?"

"வேறயா?" நெவில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். அவர் இவ்வளவு ஆழமாக யோசித்து எவரும் பார்த்ததில்லை. "கேஸ் சிலிண்டர் ஒண்ணு. மடக்கு நாற்காலி ரெண்டு. ஒரு நல்ல கயிறு."

"அவசரமே இல்ல. வீட்டுல இருக்க வேண்டியது வேற ஏதாவது இல்லையான்னு நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க."

நெவில் ஒவ்வோர் அறையாக மனத்துக்குள் நடந்து பார்த்தார். டிவி இருந்தது. குளிர்பெட்டி இருந்தது. கேடயம் இருந்தது.

"இல்ல," என்றார் உறுதியாக. "மத்ததெல்லாம் அப்படியே இருக்கு. அலாரம்தான் காரணம்."

ஹெய்லி புகார்த் தாளை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"லினெட் கேரவனோட கெளம்பறதுக்கு முந்தி இங்க வந்து சொல்லிட்டுத்தான் போனாங்க, நெவில். கேரவனக் காணோம்னு வந்தா வீட்டுக்கு அனுப்பிடணுமாம். பொண்டாட்டியக் காணோம்னு வந்தா மட்டும் அவங்க எங்க இருக்காங்கன்னு சொல்லணுமாம்."