கட்டிப்பிடித்துக் காட்டிய நாள்

ஊருக்கு நோயைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன் முதலில் தன் சட்டையைத் தூக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. (சொல்லியிருக்கலாம். அந்தப் பகுதி தேநீர் இடைவேளைக்குச் சற்று முன்னால் வந்தது. கறிபாப் பலகார வரிசையில் முதல் ஆளாக நிற்க நான் எழுந்து போய்விட்டேன்.)

தொண்ணூறுகளின் தொடக்கம். ஜார்ஜ்டவுனில், போதையை விட்டவர்களுக்கான சிறிய மையம் ஒன்றில் நான் புதிய ஆலோசகன். என்னிடம் வந்தவர்களில் சேகர் அண்ணனுக்கு, ஊசி போட்டுக்கொண்ட காலத்தில் எச்.ஐ.வி. தொற்றியிருந்தது. மையத்தில் அவர் தங்கும் காலம் முடியப் போகிறது. போக்கிடம் என்றால் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் இருந்த அவருடைய அக்கா பார்வதி வீடு ஒன்றுதான். அக்காவுக்குத் தம்பி என்றால் உயிர். ஆனால் பயம். அவர் வந்தால் வாசலோரம் ஒரு நாற்காலி, தனித்தட்டு, தனியாக ஒரு நீலப் பிளாஸ்டிக் கோப்பை. தொடுவது மட்டும் கிடையாது.

"நீங்க வந்து சொன்னா அக்கா கேக்கும் லா, சார்," என்றார் சேகர். அப்படிக் கேட்டபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் அப்போது கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அக்காவின் மகனுக்கு அம்மை போட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றியும் ஆகிவிட்டது. வாசலில் வேப்பிலை மட்டும் வாடிக்கொண்டிருந்தது. "இப்ப யார் வீட்டுக்கும் போவாதீங்க தம்பி. ஆத்தா இன்னும் கெளம்பல," என்றார். நான் விஞ்ஞானம் படித்தவனைப் போல ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுக் கிளம்பினேன். (படித்தது வணிகவியல்.)

ஃபெரியில் கழுத்து அரித்தது. கொசு என்று நினைத்தேன். உடம்பு சுட்டது. வெயில் என்று நினைத்தேன்.

பார்வதி அக்கா வீட்டில், சேகரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெளுத்து வாங்கினேன். தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது, ஒரே கழிவறையைப் பயன்படுத்தினாலும் ஒட்டாது. வகுப்பில் கொடுத்த தாளில் இருந்த கடைசி வரியையும் மனப்பாடமாக ஒப்பித்தேன்: "இவரால உங்களுக்கு ஆபத்தில்ல அக்கா. இவருக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி. மத்தவங்க நோய்தான் இவருக்கு ஆபத்து."

அக்கா கதவோரமே நின்றார். முகம் இளகவில்லை. வந்த காரியம் கெட்டுப்போகிறதே என்ற பதற்றத்தில், "இதோ பாருங்க!" என்று சேகரை இழுத்து, கன்னத்தோடு கன்னம் வைத்துக் கட்டிப்பிடித்தேன். அவர் மரமாக நின்றார். அவரை யாராவது தொட்டே நாளாகியிருக்க வேண்டும்.

"தம்பி," என்றார் அக்கா. "கழுத்துல என்னா அது?"

"கொசு, அக்கா."

"கொசு கடிச்சா தண்ணி கோக்குமா? நெத்தியிலயும் இருக்கு! ஐயோ, அம்மை!"

அடுத்த கணம் அக்கா பாய்ந்து வந்தார். சேகரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார். "என் தம்பியத் தொடாதீங்க! மத்தவங்க நோய்தான் ஆபத்துன்னு இப்பத்தானே சொன்னீங்க? வெளிய போங்க!"

நான் வெளியே போனேன். என் செருப்பைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டார். மயக்கமாக வருகிறது என்று நான் சுவரில் சாய்ந்ததும் மனம் கேட்காமல், அந்த நீலக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி வாசலுக்கு வெளியே வைத்தார். இவ்வளவும் ஒரு கையால்தான் நடந்தது. மறு கை சேகரின் மணிக்கட்டை விடவே இல்லை. பின்னால் நின்ற சேகர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

சேகருக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருந்தது. டாக்டரும் சில வாரம் கவனித்துவிட்டுப் பயமில்லை என்றார். அப்படி இல்லாமல் போயிருந்தால் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். நான் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தபோதே அவர் அக்கா வீட்டுக்குக் குடிபோய்விட்டார். சில ஆண்டுகள் அங்கேதான் வாழ்ந்தார். கடைசி மூச்சும் அக்காவின் மடியில்தான்.

இன்றும் தீபாவளிக்கு அங்கே போனால், அக்கா வாசலை மறித்துக்கொண்டு, "மொதல்ல சட்டையத் தூக்கிக் காட்டுங்க தம்பி," என்கிறார். பேரப்பிள்ளைகள் என் தொந்தியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அப்புறம்தான் உள்ளே அனுமதி. மற்றவர்களுக்குச் சில்வர் டம்ளரில் தேநீர் வரும். எனக்கு மட்டும் அந்த நீலக் கோப்பை.